சொல் ஒழிந்த இடத்துப் பாட்டு: ஒரு ஜாஸ் பாடலைக் கேட்டல்

பொருள் விளங்காத பாட்டு இன்பம் பயக்குமோ என்பது இசையாராய்வார்க்கும் மொழியாராய்வார்க்கும் பொதுவானதொரு வினா. பயக்கும் என்பதனைப் பட்டறிவால் அனைவரும் அறிவோம். எங்ஙனம் பயக்கும் என்பதே ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்கு உதவும் பாடல் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அஃது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த பழமரபு ஜாஸ் இசையைச் சார்ந்த 'ஹீபி ஜீபீஸ்' என்பதாம். 1926 ஆம் ஆண்டு பிப்ரவரி 26 ஆம் நாள் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவர்தம் 'ஹாட் ஃபைவ்' குழுவினரும் சிகாகோ நகரில் இதனை ஓக்கே நிறுவனத்தின் இசைத்தட்டிற்காகப் பதிவு செய்தனர். காரணம் தெரியாத நடுக்கம் என்பது அத்தொடரின் பொருள். பாட்டிலோ அஃது ஓர் ஆட்டத்தின் பெயராக வருகின்றது. ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும் இப்பாடலின் துள்ளல் கேட்போர் உடலையும் பற்றிக்கொள்வது.

முதன்முறை கேட்பார்க்கு இது வெறும் இரைச்சலாகத் தோன்றுதல் கூடும். கார்னெட், கிளாரினெட், டிராம்போன் என்னும் மூன்று ஊதுகருவிகளும் ஒரே வேளையில் வெவ்வேறு வழிகளிற் செல்லுதலே அதற்குக் காரணம். நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களில் ஊர்வலம் சென்ற பித்தளை வாத்தியக் குழுக்களின் வழிவந்த மரபு இது. இரண்டு மூன்று முறை கேட்டபின் செவி இவற்றைப் பிரித்தறியத் தொடங்குகின்றது. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் நடுவே நின்று மெட்டினைத் தெளிவுற எடுத்துரைக்கும். ஜானி டாட்ஸின் கிளாரினெட் அதன்மேற் கொடிபோலப் படர்ந்து ஏறியிறங்கும். கிட் ஓரியின் டிராம்போன் கீழே நின்று, ஓர் ஒலியினின்று மற்றோர் ஒலிக்கு வழுக்கிச் சென்று, ஏனைய இரண்டும் மூச்சு வாங்கும் இடைவெளிகளை நிரப்பும். இவ்வகை வாசிப்பினை 'வண்டிப் பின்கதவு வாசிப்பு' என்பர். குழுவினர் வண்டியில் ஏறி வாசித்துச் செல்லுங்கால், டிராம்போனின் நீளும் குழல் பிறரை இடியாதவாறு அதனை வாசிப்பவர் பின்கதவருகே அமர்ந்தமையால் வந்த பெயர் அது. மூன்றும் தத்தமக்குரிய உயரத்தில் நிற்றலால் ஒன்றனையொன்று மறைப்பதில்லை. இரைச்சலெனப் பட்டது மூவர் உரையாடல் எனத் தெளிதலே இக்கேள்வியின்பத்தின் முதற்படி.

அடுத்துக் கருதற்பாலது தாளம். இப்பதிவில் முரசு இல்லை. லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங்கின் பியானோவும் ஜானி செயின்ட் சிரின் பேஞ்சோவுமே அடிகளை எண்ணித் தருகின்றன. பேஞ்சோவின் ஒலி மீட்டியவுடன் மங்கும் இயல்பினது. அதனால் ஒவ்வோர் அடியும் கூர்மையாகச் செவியிற் படுகின்றது. இவ்வொழுங்கின்மேற் செல்லும் கார்னெட்டும் குரலுமோ அடியோடு ஒட்டி நில்லாமற் சற்று முன்னும் பின்னுமாக விழுகின்றன. நம் இசைநூலார் எடுப்பினைச் சமம், அதீதம், அனாகதம் எனப் பகுப்பர். தாளத் தொடக்கத்தோடு ஒத்துத் தொடங்குவது சமம்; ஒவ்வாது முன்பின்னாகத் தொடங்குவன ஏனைய இரண்டும். அப்பகுப்பு பாட்டின் தொடக்கம் பற்றியது. ஈண்டுக் கூறும் விலகலோ வரிதோறும் நிகழ்வது. அன்றியும், ஓர் அடியின் இருபாதிகள் சம அளவில் நில்லாமல், முன்பாதி நீண்டும் பின்பாதி குறுகியும் நடத்தலால் ஓர் ஊசலாட்டம் பிறக்கின்றது.

மெட்டு அடியைத் தவிர்க்கும் இடத்தில் நிகழ்வது யாது? ஒலியாத அழுத்தத்தைக் கேட்பவர் தம் காலால் தட்டியோ தலையசைத்தோ தாமே இடுகின்றார். மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தோர், தாளத்தைக் கேட்குங்கால் உடல் அசையாதிருப்பினும் அசைவினை ஆளும் பகுதிகள் செயற்படுதலைக் கண்டுள்ளனர். 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்தகைய விலகல் அறவே இல்லாதபோதும் அளவு கடந்தபோதும் ஆடும் விருப்பம் குறைதலையும், நடுத்தரமாக உள்ளபோது மிகுதலையும் காட்டியது. முற்றும் நிரம்பிய தாளம் கேட்பவர்க்கு இடம் தருவதில்லை. முற்றும் சிதைந்த தாளம் பற்றுக்கோடு தருவதில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே செவியைப் பங்காளியாக்குவது.

இனிக் குரலுக்கு வருவோம். ஆம்ஸ்ட்ராங் முதற்கண் சொற்களோடு பாடுகின்றார். மறுமுறை சொற்கள் ஒழிந்து பொருளற்ற அசைகளே வருகின்றன. சொல் எழுதிய தாள் கைதவறி விழுந்ததாகவும், பதிவு நின்றுவிடலாகாதென வாய்க்கு வந்த அசைகளைப் பாடியதாகவும் அவர் பிற்காலத்தில் கூறினார். இதனை ஐயுறுவாரும் உளர். இத்தகைய பாடல் இதற்கு முன்னரும் இசைத்தட்டில் இடம்பெற்றதுண்டு; ஆயினும் அதனைப் பலரறியப் பரப்பியது இப்பதிவே. அவ்வசைகளை உற்றுக் கேட்பின் அவை தாறுமாறானவை அல்ல என்பது புலனாகும். வல்லெழுத்துகள் ஊதுவோர் நாவால் ஒலியை வெட்டித் தொடங்கும் பணியைச் செய்கின்றன. உயிரொலிகள் நீண்டும் குறுகியும் கார்னெட்டின் ஒலியளவை ஏற்கின்றன. கரகரத்த அக்குரல் சொல்லைத் துறந்து கருவியாகி நிற்கின்றது. தொல்காப்பியர் இடைச்சொல் வகைகளுள் இசைநிறையையும் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினையத்தகும். எனினும், அஃது பொருளுடைய சொற்களினிடையே ஓசை நிரப்ப வருவது. இங்கோ இசைநிறையே பாட்டு முழுதையும் தாங்குகின்றது. முன்னர்ச் சொற்களோடு கேட்ட மெட்டு நினைவில் நிற்றலால், அசைகளின் பின்னே அச்சொற்களின் சாயலைச் செவி தானே தேடுகின்றது. ஒலியாத அடியை இட்டது போலவே, விடுபட்ட சொல்லையும் அது நிரப்ப முயல்கின்றது.

இவ்விசையை இரைச்சலென்று இகழ்ந்தாரும் ஒரு காலத்திற் பலராயினர். 1921 இல் அமெரிக்காவில் வெளிவந்த மகளிர் இதழொன்று, ஜாஸின் தாள விலகல் இளையோர் ஒழுக்கத்தைக் கெடுக்குமோ என வினவிக் கட்டுரை வெளியிட்டது. அத்தகைய பழிப்புகளிற் பலவற்றின் அடியில், அதனைப் படைத்த மக்கள்பாற் கொண்ட இழிவெண்ணமும் கிடந்தது. ஒழுங்கு இல்லாமையால் எழுந்த இகழ்ச்சியன்று அது. ஒழுங்கினைச் செவி தேடாமையால் எழுந்தது.

ஆகவே, இப்பாடலைக் கேட்கப் புகுவார்க்கு நாம் கூறத்தக்கது இதுவே. முதன்முறை கார்னெட்டினை மட்டும் பின்தொடர்க, அடுத்துக் கிளாரினெட்டினை, அதன்பின் டிராம்போனை. நான்காம் முறை எதனையும் தேடாது, பேஞ்சோவின் அடியிற் காலை வைத்துக் கேட்க. அப்பொழுது பாட்டின் பொருள் யாதென வினவும் எண்ணமே எழாதிருத்தலைக் கேட்போர் தாமே காண்பர்.