பாம்புக்கு அமைக்கும் மரப்பேழை

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய சோளப்பாம்பு நஞ்சற்றது, சாந்தமானது. ஆதலின் மேனாடுகளிற் பலர் அதனை இல்லத்தில் வளர்க்கின்றனர். அதற்கென மரப்பேழையைத் தாமே அமைப்போரும் உளர். அன்னார் முதற்கண் உணரற்பாலது ஒன்றுண்டு. பறவைகளைப் போலப் பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்றே அதனைச் சீர்செய்கின்றது. எனவே, பேழையின் ஒருபுறம் வெம்மையாயும் மறுபுறம் தண்மையாயும் இருத்தல் இன்றியமையாதது.

வளர்ந்த பாம்பொன்றிற்கு 120 சென்ரிமீற்றர் நீளமும், 60 சென்ரிமீற்றர் அகலமும், அவ்வளவு உயரமும் உள்ள பேழை பொருந்தும். மரம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் கண்ணாடித் தொட்டியினும் நன்கு வெம்மையைக் காக்கும். ஒட்டுப்பலகை இதற்கு ஏற்றது. சீடர் மரம் ஆகாது. அதன் நறுமண எண்ணெய் பாம்பின் சுவாசத்திற்குத் தீங்கு விளைப்பது. உட்புறத்தில் நீர் கலந்த வார்னிசைப் பூசி, மணம் முற்றும் நீங்கும்வரை உலரவிடல் வேண்டும்.

வெம்மையான முனையில் மின்குமிழைப் பொருத்தி, பாம்பு சுட்டுக்கொள்ளாவண்ணம் கம்பிக்கூட்டால் மூடுக. வெப்பநிலைநிறுத்தி ஒன்றன் துணையால் அதன்கீழ் ஏறத்தாழ 30 பாகை செல்சியசும், மறுமுனையில் 24 பாகையும் நிலவச் செய்யலாம். காற்றோட்டத்திற்குச் சிறு துளைகளும் வேண்டும். முன்புறக் கண்ணாடிக் கதவிற்குப் பூட்டு அவசியம். தலை நுழையும் இடைவெளியிற் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும்.

ஒளிந்திருக்கும் இடம் இருமுனைகளிலும் அமைதல் வேண்டும். ஒருமுனையில் மட்டும் அமையின், அச்சமுள்ள பாம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் துறந்தும் மறைவையே நாடும். உறையுமிடத்தை அதுவே தெரிந்தெடுக்க வாய்ப்பளிக்கும் பேழையே நற்பேழையாகும்.