ஹைடனின் தொலைந்த செலோ இசை

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகள் சிலரும் பாடசாலை இசைக்குழுக்களில் செலோ பழகுகிறார்கள். கை தேறியதும் அவர்களுக்கு வந்து சேரும் பாடங்களில் ஒன்று யோசப் ஹைடனின் சி மேஜர் கொன்சேர்ட்டோ. ஒரு தனி வாத்தியம் முன்னின்று இசைக்குழுவோடு சேர்ந்தும் மாறிமாறியும் வாசிக்கும் படைப்பைத்தான் கொன்சேர்ட்டோ என்கிறார்கள். இன்று இவ்வளவு பழக்கமான இதை எங்கள் பாட்டன்மார் காலத்தில் எவரும் கேட்டிருக்க முடியாது. ஏறத்தாழ 200 வருடங்கள் அது காணாமல் போயிருந்தது.

1761 இல் ஹைடன் ஒஸ்திரியாவின் ஐசென்ஸ்டாட்டில் எஸ்டர்ஹாசி பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். எழுதுவதெல்லாம் பிரபுவுக்கே; அனுமதியின்றிப் பிரதி வெளியே போகக்கூடாது என்பது ஒப்பந்தம். கணக்காளர்களான எங்கள் கண்ணுக்கு அது சொத்து முழுவதையும் எழுதிக் கொடுத்ததற்குச் சமம். அரண்மனைக் குழுவில் செலோ வாசித்த யோசப் வைகலுக்காகவே 1760களின் முற்பகுதியில் இந்தக் கொன்சேர்ட்டோவை அவர் எழுதினார் என்று கருதப்படுகிறது. ஹைடனின் வீடோ 1768 இலும் 1776 இலும் எரிந்தது. அவரது கையெழுத்துப் பிரதிகள் பல அதில் போயின.

ஆனால் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. 1765 அளவில் தன் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் தொடங்கினார். பெயரை மட்டும் எழுதாமல், ஒவ்வொன்றின் தொடக்கச் சுரங்களையும் குறித்துவைத்தார். வெறுமனே 'செலோ கொன்சேர்ட்டோ' என்றிருந்தால், பின்னாளில் எவரும் எதையும் கொண்டுவந்து இதுதான் அது என்று சொல்லலாம். சுரங்கள் இருந்தால் அது நடக்காது. பேரேட்டில் பொருளின் பெயரோடு அதன் தொடரிலக்கத்தையும் பதிவதுபோலத்தான்.

1961 இல் பிராக் தேசிய அருங்காட்சியகத்தில், ராடெனின் மாளிகையிலிருந்து வந்து சேர்ந்த பழைய தாள்களுக்குள் ஓல்ட்ரிச் புல்கெர்ட் என்ற ஆய்வாளர் ஒரு கட்டைக் கண்டெடுத்தார். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாகப் பிரதி செய்த தாள்கள் அவை. தொடக்கச் சுரங்கள் பட்டியலோடு அப்படியே பொருந்தின. காணி உறுதி தொலைந்தவர் தோம்பைப் பார்த்து உரிமையை நிலைநாட்டுவதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. 1962 மே 19 அன்று பிராக்கில் மிலோஷ் சாட்லோ செலோ வாசிக்க, சார்ல்ஸ் மக்கரஸ் நெறிப்படுத்த, அது மறுபடி ஒலித்தது.

1783 இல் ஹைடன் எழுதிய டி மேஜர் கொன்சேர்ட்டோவின் பாடு வேறு. அது தொலையவில்லை, ஆனால் செலோக் கலைஞர் அன்டன் கிராஃப்ட் எழுதியது என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். 1950களில் ஹைடனின் கையெழுத்துப் பிரதி வெளிப்பட்ட பிறகே வழக்குத் தீர்ந்தது.

சி மேஜரைக் கேட்க அரை மணித்தியாலம்கூட வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருபவர்கள் நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம். ஓபோவும் ஹோர்னும் ஓய்ந்திருக்க, வயலின்கள் மெட்டை வாசிக்கும்போது செலோ ஒரே சுரத்தை நீளப் பிடித்தபடி உள்ளே வருகிறது. எப்போது வந்தது என்றே தெரியாது. கடைசிப் பகுதியிலும் அப்படி ஒரு நீண்ட சுரத்தோடுதான் வருகிறது. ஆனால் அடுத்த கணமே ஓட்டம் பிடித்துவிடும். பிள்ளைகளின் விரல்கள் தடுமாறுவது அங்கேதான்.