என்ன வாசிக்கிறீர்கள்?

1988இல் ஜேர்மனியின் ஹேர்ண் நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றைச் சுற்றி, 2013இல் யாழ்ப்பாணம் வரை போய்ச் சேர்ந்தது. அதன் கதையைச் சொல்பவர்கள் அங்கு நடந்த கருத்து மோதல்களையே சொல்கிறார்கள். கைமாறிய புத்தகங்களைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

புகலிடத்தின் ஆரம்ப ஆண்டுகளில் யார் எதை வாசித்தார் என்பது இரசனையால் மட்டும் தீர்மானமாகவில்லை. 1982ஆம் ஆண்டின் ஜேர்மன் தஞ்சச் சட்டப்படி, வழக்கு முடியாத அகதி ஒருவர் அனுமதிப் பத்திரமின்றித் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்ட முடியாது. (இக்கட்டுப்பாடு பெருமளவில் தளர்ந்தது 2015இல்தான்.) ஆள் போகமுடியாத ஊருக்குப் புத்தகம் தபாலில் போனது; அதுவும் பலவேளைகளில் போட்டோக்கொப்பியாக. கைக்கு எது வந்து சேர்ந்ததோ அதுவே ஒருவரின் 'இரசனை' ஆயிற்று. கோட்பாட்டு விளக்கமெல்லாம் பிறகு வந்தது.

இரண்டு நாவல்களைப் பார்ப்போம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வெளிவந்தது, கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல். முன்னதை அதன் வடிவத்துக்காகக் கொண்டாடுபவர், பின்னதை வெறும் வாக்குமூலம் என்று ஒதுக்குவார். இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதைகளின் சாட்சியமாகப் பின்னதை வாசித்தவருக்கோ, முன்னது அறைக்குள் இருந்து யோசிப்பவரின் விளையாட்டு. இது அழகியல் விவாதம் மட்டுமல்ல. 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், 'என்ன வாசிக்கிறீர்கள்?' என்ற கேள்வி 'நீர் எந்தப் பக்கம்?' என்றும் காதில் விழுந்தது. அப்படியான நாட்களில் ஒருவர் தன் புத்தக அலுமாரியை மறைத்தால், அதை இரசனைக் குறைவு என்று யார் சொல்வது?

கே. டானியலின் நாவல்களில் கலைத்தன்மை போதாது என்ற வாதமும் பழையது. 'பஞ்சமர்' எல்லா இடத்திலும் கட்டிறுக்கமான நாவல் அல்லத்தான். ஆனால் அப்படித் தீர்ப்புச் சொல்பவர் ஊரில் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டியிருக்கிறது.

இந்தச் சண்டைகள் எதிலும் இடம்பெறாத வாசகர் ஒருவர் உண்டு. உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு நள்ளிரவில் அறைக்கு வந்து, 'பொன்னியின் செல்வன்' நான்காம் பாகத்தை மூன்றாம் முறையாக வாசிப்பவர். அல்லது ரமணிசந்திரன். நமது சஞ்சிகைகள் இவரை எண்ணி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் விடாமல் வாசித்தவர் இவர்தான் என்பது என் அபிப்பிராயம். சந்திப்புக்கு வந்தால் அதைச் சொல்லமாட்டார். கேட்டால் மார்க்வெஸ் என்பார்.