குளியல் அறையில் ஈரம் தங்கலாமா?

பளபளக்கும் டைல் மட்டும் போதாது. நீருக்கும் காற்றுக்கும் வழி வேண்டும்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து அரியலூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் பெண்ணாடம். இங்கே கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்குப் பிரளயகாலேசுவரர் என்று பெயர். பொங்கி வந்த பிரளய வெள்ளத்தைத் தடுப்பதற்காக நந்தி தேவர் வாயிலை நோக்கித் திரும்பி அமர்ந்தார் என்பது தல புராணம். விமானம் படுத்துறங்கும் யானையின் வடிவில் இருப்பதால், தேவாரத்தில் இத்தலத்துக்குத் தூங்கானைமாடம் என்று பெயர்.

இக்கோயிலில் இன்னொரு விசேஷமும் உண்டு. கருவறைச் சுவரில் மூன்று பக்கமும் சாளரங்கள் வைத்திருக்கிறார்கள். வலம் வருவோர் அவற்றின் வழியே மூலவரைத் தரிசிக்கலாம். சிவன் கோயில் கருவறை என்பது தினந்தோறும் குடம் குடமாக அபிஷேக நீர் விழும் இடம். விழுந்த நீர் தேங்குவதில்லை. கோமுகி வழியாக வெளியே ஓடிவிடுகிறது. நீர் போக ஒரு வழி, காற்று வர ஒரு வழி. நீர் புழங்கும் எந்த அறைக்கும் இந்த இரண்டும் அவசியம். ஆனால் இன்று ஆயிரக்கணக்கில் செலவழித்துக் குளியல் அறையைப் புதுப்பிக்கும் பலர் மறந்துவிடுவதும் இந்த இரண்டைத்தான்.

பானையும் ஜாடியும்

இந்த வட்டாரத்து மக்களுக்குப் பீங்கான் புதிதல்ல. பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க அரசின் பயிலகமே அங்கே இருக்கிறது. ஒரு முறை சூளையில் சுட்டு, மெருகு ஏற்றாத பீங்கானை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு தாகம் அதற்கு! மெருகு ஏற்றி மறுபடி சுட்ட பிறகுதான் நீர் ஏறாத வழவழப்பு உண்டாகிறது.

மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது ஏன்? பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிக்காற்றில் ஆவியாகிறது. ஊறுகாய் ஜாடியில் இது நடவாது. பழைய சுண்ணாம்புச் சுவர் பானையைப் போன்றது. ஈரத்தை வாங்கும், பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். தரை முதல் கூரை வரை டைல் ஒட்டிய அறை ஜாடியைப் போன்றது. ஜாடிக்கு மூடியும் போட்டுவிட்டால் உள்ளே உள்ள ஈரம் எங்கே போகும்? ஊறுகாய்க்கு அது நல்லது. மனிதர் குளிக்கும் அறைக்கு நல்லதல்ல.

முற்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிணற்றடியில் கீற்றுத் தட்டி வைத்த மறைப்பே குளிக்கும் இடம். குளித்த தண்ணீர் வாழைக்கும் கனகாம்பரத்துக்கும் பாய்ந்தது. மிச்ச ஈரத்தை வெயில் பார்த்துக்கொண்டது. இப்போது குளியல் அறை கொல்லையிலிருந்து புறப்பட்டு, படுக்கை அறைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெயில் செய்த வேலையை இனி யார் செய்வது? அதற்கு ஏற்பாடு செய்யாமல் கட்டினால், சௌகரியமே சங்கடமாகிவிடும்.

மூன்று வகை ஈரம்

மராமத்துக்குக் கொத்தனாரை அழைக்குமுன், சுவரில் இருப்பது எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வகை உண்டு.

முதல் வகை, தரையிலிருந்து ஏறும் ஓதம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்புப் போடாத பழைய வீடுகளில், செங்கல் மண்ணின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சுகிறது. சுவரின் அடிப்பகுதியில் சுமார் மூன்று அடி உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்திருக்கும். இதன் மேல் டைல் ஒட்டினால் ஓதம் நிற்காது. இன்னும் உயரே ஏறும், அல்லது சுவரின் மறுபுறம் தலை காட்டும்.

இரண்டாம் வகை, கசிவு. குழாய் இணைப்பிலிருந்தோ, தரையிலிருந்தோ வருவது. ஓர் இடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் பரவும். அடுத்த அறைச் சுவரிலோ கீழ்த்தளத்துக் கூரையிலோ கறையாகத் தெரியும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தால், குழாயில் ஒழுக்கு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் வகை, ஆவி படிதல். வெந்நீரின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகிறது. கூரையோரத்திலும் மேல் மூலைகளிலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சக்காளான் பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளுக்குப் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. முதலாவதற்கு மருந்து கொத்தனார் வேலை. இரண்டாவதற்கு மருந்து காற்று. மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் தீராது.

டைல் காவலன் அல்ல

"டைல் ஒட்டிவிட்டோம், இனிமேல் ஒரு சொட்டுக் கசியாது" என்று நினைப்பது தவறு. சுவருக்கு ஒட்டும் சாதாரண டைலின் மண் உடல், தன் எடையில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடியது. நீர் ஏறாதது மேலே உள்ள மெருகு மட்டுமே. டைலைத் திருப்பிப் பின்புறத்தில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். விட்ரிஃபைடு டைலோ மிகுந்த உஷ்ணத்தில் இறுகச் சுடப்படுவது. அது நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை ஏற்பதில்லை. ஆகையால் தரைக்கு அதுவே ஏற்றது. அதிலும் சொரசொரப்பானதாக, வழுக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் எந்த உயர்ந்த டைலாக இருந்தாலும் நடுவில் இடுக்கு உண்டு. அந்த இடுக்கில் பூசிய சாந்து வழியே நீர் நாளும் சிறிது சிறிதாக இறங்கும். அடியில் காங்கிரீட் தளமானால், நீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, தானாகிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் காங்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். மேல்மாடியில் குளிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே படுத்திருப்பவர் தலைக்குத்தான் ஆபத்து!

ஆகவே உண்மையான தடுப்பு டைலுக்கு அடியில் இருக்க வேண்டும். பழைய தளத்தைப் பெயர்த்த பிறகு, குழாய்களைச் சரிசெய்து, அடித்தளத்தை நன்றாக உலர விட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சிமெண்டுச் சாந்தால் வளைவாக மூடிவிட வேண்டும். கசிவு பெரும்பாலும் ஆரம்பமாவது அங்கேதான். பிறகு நீர்க்காப்புப் பூச்சை இரண்டு முறை, ஒன்று நெடுக்கிலும் மற்றொன்று குறுக்கிலுமாகத் தீற்ற வேண்டும். சுவரில் ஓரடி உயரமாவது அது ஏற வேண்டும். ஷவர் இருக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏற வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைக்க வேண்டும். கீழே கசிவு இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே டைல் ஒட்டலாம். வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் மேஸ்திரிகள் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான். வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு நாள் பொறுமை, மறுபடி இடிக்கும் செலவை மிச்சப்படுத்தும்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தால், வாட்டம் சரியா என்று வீட்டுக் குழந்தையே சொல்லிவிடும்.

காற்றுக் கணக்கு

தரையில் ஓடும் நீருக்கு வடிகால் போதும். காற்றில் கலந்த நீருக்கு என்ன செய்வது? இங்கே சிறு கணக்கு ஒன்று உதவும்.

ஐந்தடி அகலம், ஏழடி நீளம், ஒன்பதடி உயரம் உள்ள அறையில் சுமார் 9 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நம் பக்கத்துக் காற்றில் மழைக்காலங்களில் அதில் 80 பங்கு முன்பே நிரம்பியிருப்பது சகஜம். அப்படியானால் அறைக் காற்று முழுவதும் சேர்ந்து இன்னும் ஏற்கக் கூடியது 54 கிராம் நீர் மட்டுமே. அரைத் தம்ளர் அளவுகூட இல்லை!

குளித்து முடித்ததும் தரையிலும் சுவரிலும் ஒட்டி நிற்கும் நீர் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது உலர வேண்டுமானால் அறைக் காற்று ஒன்பது முறை மாற வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்து வைத்தால் மறுநாள் காலையிலும் தரை ஈரமாகவே இருப்பதில் ஆச்சரியம் என்ன?

குளியல் அறையில் ஒரு மணிக்கு 6 முதல் 10 முறை காற்று மாற வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும், அதில் உள்ள திறப்பு 0.37 சதுர மீட்டருக்கு, அதாவது நான்கு சதுர அடிக்குக் குறையக் கூடாது என்பதும் அதன் விதி. புதுப்பிக்கும்போது பரணுக்காகவும் அலங்காரத்துக்காகவும் இந்த ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். அடைப்பதற்குப் பதில், மறைவு வேண்டுமானால் உயரே வைக்கலாம். சாய்வுக் கண்ணாடிப் பட்டைகள் பொருத்தலாம். கொசுவுக்கு வலை அடிக்கலாம்.

ஜன்னலுக்கு இடமே இல்லையென்றால் எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். மேலே சொன்ன அறைக்கு மணிக்கு 90 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி போதுமானது. அதைக் கதவுக்கு எதிர்ப்புறம், கூரையை ஒட்டி வைக்க வேண்டும். அது தள்ளும் காற்று வெளியே போக வேண்டும். பரணுக்குள் போகக் கூடாது. கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி அவசியம். உள்ளே வர வழி இல்லாத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியிலும் ஈரம்தானே, விசிறி எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெந்நீரில் குளித்த அறையின் காற்று வெளிக்காற்றைவிட வெப்பமானது. அதில் நீராவியும் அதிகம். ஆகையால் மழை நாளிலும் பலன் உண்டு. குளித்த பின் அரை மணி நேரம் ஓடவிட்டால் நல்லது. அதைவிட மலிவான சாதனம் ஒன்று உண்டு. தண்ணீர் தள்ளும் ரப்பர்க் கட்டை! சுவரையும் தரையையும் ஒரு முறை வழித்துவிட்டால், அரை லிட்டரில் பெரும்பகுதி வடிகாலோடு போய்விடும்.

உயிருக்கே ஆபத்து

ஈரம் தங்கும் வீட்டில் இருமலும் இழுப்பும் ஆஸ்துமாவும் அதிகம் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துக் கூறியிருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூஞ்சக்காளானை வெறும் கறை என்று அலட்சியம் செய்யலாகாது. சுண்ணாம்பு அடித்து மறைத்தால் சில வாரங்களில் திரும்ப வரும். ஈரத்தை நிறுத்தினால்தான் அது நிற்கும்.

இதைவிடக் கொடியது, காற்றோட்டம் இல்லாத குளியல் அறைக்குள் காஸ் கீசர் வைப்பது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. அது மட்டுமல்ல. மூடிய அறையில் பிராண வாயு குறையக் குறைய, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் தலை சுற்றுவதை உணர்ந்து கதவைத் திறக்குமுன் மயங்கி விழுந்துவிடுவார். இந்தியாவில் இவ்வாறு உயிரிழந்தோர் பலர். காஸ் கீசரை வெளியே, திறந்த இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாய் மூலம் உள்ளே கொண்டுவருவதே முறை.

மின்சார கீசரானாலும் எர்த் இணைப்புச் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் வேண்டும். ஈரச் சுவரும் மின்சாரமும் சேர்ந்தால் எமனுக்கு வேலை சுலபம்.

எதற்கு முதல் செலவு?

குளியல் அறையைப் புதுப்பிப்பவர்கள் முதலில் டைல் கடைக்குப் போய் நிறம் பார்க்கிறார்கள். கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. நீர்க்காப்புப் பூச்சுக்கும் விசிறிக்கும் மிஞ்சுவதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, அடுத்துக் குழாய், பிறகு நீர்க்காப்பும் வாட்டமும், அதன் பின் ஜன்னல் அல்லது விசிறி, கடைசியில்தான் டைல். விலை குறைந்த டைலால் எவருக்கும் நோய் வராது. கண்ணுக்குத் தெரியாத வேலையில் செய்த சிக்கனம்தான், கீழ் வீட்டுக் கூரையிலும் குழந்தையின் இருமலிலும் தெரிய வரும்.