குற்றாலம் சீசன் காத்து: தார்ப்பாய் ஓரம் மட்டும் ஏன் படபடக்குது? கிழியாம காப்பது எப்படி?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரலோடு காத்தும் வந்துவிடும். அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை, சிப்ஸ் கடை என வரிசையாக முளைக்கும் தற்காலிகக் கடைகளுக்குத் தார்ப்பாய்தான் கூரை. நடுவில் விறைப்பாக இருக்கும் பாய், ஓரத்தில் மட்டும் 'படபட'வென அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் அந்த ஓரம்தான் முதலில் கிழியும். சீசனை நம்பி கடை போட்டவருக்கு சரக்கும் நனையும், புதுப் பாய் செலவும் சேரும்.

இங்கே ஏன் இவ்வளவு காத்து?

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நுழையும் காற்று வேகம் பிடிக்கிறது. தென்காசி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். காற்றின் வேகம் 2 மடங்கானால், பாய் மீது விழும் விசை 4 மடங்காகும்.

ஓரம் மட்டும் ஏன் துடிக்குது?

பாயில் சின்னதாக ஒரு வளைவு விழுந்தாலும், அதன் மேடான பக்கத்தில் காற்று வேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறையும். வளைவு இன்னும் பெரிதாகும். இந்த அலை காற்றோடு நகர்ந்து ஓரத்துக்கு வரும். நடுப்பகுதியை நாலா பக்கமும் இழுத்துப் பிடிக்க ஆள் இருக்கு. ஓரத்துக்கு அது இல்லை. கயிறு கட்டிய வளையங்களுக்கு நடுவே துணி தொளதொளவென்று கிடக்கும். அங்கேதான் துடிப்பு. பாய்மரப் படகிலும் இதே கதைதான்.

குறைக்க என்ன வழி?

* ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே நைலான் கயிறு விட்டு, இரு முனையிலும் இழுத்துக் கட்டலாம். பாயின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பது கப்பல் காலத்து முறை.

* புதுப் பாய் தைப்பவர்கள், ஓரத்தை நேராக வெட்டாமல் லேசாக உள்வளைவாக வெட்டலாம். மூலையை இழுத்தாலே ஓரம் முழுக்க விறைக்கும்.

* தொங்கும் ஓரத்தில் மூங்கில் கழி செருகலாம். வளையங்களை நெருக்கமாக அடிக்கலாம்.

இதைச் செய்யாதீங்க

காத்து போகட்டும் என்று பாயில் ஓட்டை போடுவது பெரிதாகப் பலன் தராது. கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். ஓரக் கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஓரம் சுருண்டு காற்றைப் பிடிக்கும். துடிப்பு நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். மழையில் கயிறு தளரும். தினமும் கடை திறக்கும்போது ஒரு தடவை இழுத்துப் பாருங்க.