மூடிய ஊர்தியும் மழைக்கால உறக்கமும்

கார்த்திகை மாத அடைமழையில், விடியற்காலை நேரத்தில், மண்ணூர், ஒரகடம் வட்டாரத்துச் சாலைகளில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஆலை வேன்களைக் கவனித்திருப்பீர்கள். சன்னல்கள் யாவும் மூடியிருக்கும். கண்ணாடிகள் மங்கிக் கிடக்கும். ஓட்டுநர் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்தபடியே வண்டியை ஓட்டுவார். மழையோ வெளியே பெய்கிறது. கண்ணாடியின் உட்புறம் ஈரமாவது எப்படி?

இந்தக் கேள்வி சிறியதுதான். ஆனால் இதன் விடை ஓர் உயிரையே காக்கக் கூடும்.

கண்ணாடி ஏன் வியர்க்கிறது?

ஓர் எவர்சில்வர் டம்ளரில் பனிக்கட்டி போட்ட நீரை ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்துவிடும். டம்ளரைச் சுற்றியுள்ள காற்றிலிருந்த நீராவிதான் அங்கே நீராக மாறியது. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிக நீராவிக்கு அதில் இடமுண்டு. குளிரக் குளிர அந்த இடம் குறையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தெவிட்டிய நிலையை அடையும். அதற்கும் கீழே சென்றால் மிகுதி நீராவி துளிகளாகப் படியும். அந்த வெப்பநிலையையே 'பனிநிலை' என்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

நீங்கள் நால்வர் ஒரு வேனில் நாகப்பட்டினம் கடற்கரைக்குச் செல்கிறீர்கள். இரவில் மழை கொட்டுகிறது. எல்லாச் சன்னல்களையும் அடைத்து உள்ளேயே உறங்குகிறீர்கள். வேனுக்குள் 10 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். வெளியே 22 டிகிரி செல்சியஸ். உள்ளே 27 டிகிரி. 22 டிகிரியில் தெவிட்டிய காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும். 27 டிகிரியில் சுமார் 26 கிராம் வரை இருக்கலாம். ஆகவே வேன் காற்று கூடுதலாக ஏற்கக்கூடியது 70 கிராம் மட்டுமே.

உறங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளிவிடுகின்றன. நால்வருக்கு 160 கிராம். அரைமணி நேரத்திற்குள் காற்று நிறைந்துவிடும். மழையில் நனையும் கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் அதில் அதற்கு முன்பே நீர் படியும். எனவே மங்கிய கண்ணாடி ஒரு செய்தி சொல்கிறது: "உள்ளிருக்கும் காற்று வெளியே போகவில்லை."

கண்ணாடி சொல்லாத செய்தி

மூச்சுக் காற்றின் தேக்கம் புழுக்கமும் தலைவலியும் தரும். அதைவிடப் பெரிய ஆபத்து எரிபொருளால் வருவது. பெட்ரோல், டீசல், கரி ஆகியவை முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதன் அடர்த்தி ஏறக்குறைய காற்றின் அடர்த்தியே என்பதால் மேலேயும் போகாது, கீழேயும் தங்காது, எங்கும் கலந்துவிடும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகிறது. உறங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடுவார்.

வடகரை தரும் பாடம்

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. படுக்கை, சமையலறை, குளியலறை கொண்ட நடமாடும் வீடுதான் கேரவன். 2024 டிசம்பரில், கேரளக் கடற்கரை நகரான வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனில் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அந்த ஊர்தியில் சோதனை நடத்தினர். ஜெனரேட்டரிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் எனத் தெரிந்தது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். குளிர்சாதனம் காற்றிலுள்ள நீராவியைத் தன் குளிர்ந்த குழாய்களில் படியவைத்து வெளியே வடித்துவிடுகிறது. அதனால் உட்புறக் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. நச்சு வாயுவை அகற்றுவதில்லை. கண்ணாடி மங்கினால் எச்சரிக்கை. மங்காவிட்டாலோ, அது பாதுகாப்புக்குச் சான்றாகாது!

நாம் செய்ய வேண்டியவை

கேரவன் நம்மில் பலருக்கு எட்டாதது. ஆனால் ஆலை வாயில்களில் சரக்குக்காகக் காத்திருந்து லாரியிலேயே உறங்கும் ஓட்டுநர்கள் எத்தனை பேர்! கோயில் பயணத்தில் வேனில் உறங்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை இவை:

1. உறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். குளிர்சாதனத்துக்காக ஓடவிடக் கூடாது.

2. எதிரெதிராக இரண்டு சன்னல்களை ஓர் அங்குலமாவது திறந்து வைக்க வேண்டும். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி.

3. புகைபோக்கி மழைநீரில் மூழ்கியிருந்தால் எஞ்சினை இயக்கக் கூடாது.

4. குளிருக்காகக் கரியடுப்பையோ ஸ்டவ்வையோ உள்ளே எரிய விடக் கூடாது.

5. ஜெனரேட்டரை 20 அடிக்கு அப்பால், புகை நம் பக்கம் வீசாத திசையில் வைக்க வேண்டும். கேரவனில் செல்வோர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும்.

சன்னலைத் திறப்பது எஞ்சினை ஓடவிடுவதற்கு அனுமதியன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடன் இருப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால், 'பயணக் களைப்பு' என்று படுத்துவிடாதீர்கள். உடனே அனைவரும் வெளியேறித் திறந்த வெளிக்கு வாருங்கள், 108-ஐ அழையுங்கள். மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். உள்ளேயே இருந்தால் உயிரே போகலாம்.