ஓடும் வீட்டில் நீரும் நெருப்பும்

நிலைத்து நிற்கும் வீடுகளையே நாம் கண்டு பழகியுள்ளோம். வட அமெரிக்காவில் வீட்டையே ஊர்தியில் அமைத்துக்கொண்டு ஊர்தோறும் செல்வோர் பலர் உளர். படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகிய யாவும் அதனுள்ளேயே இருக்கும். அவ்வூர்தியை மோட்டார் இல்லம் எனலாம். அது காட்டிடையே நிற்கும்போது நீர்க்குழாய் பழுதுற்றால், அழைத்தவுடன் வந்து சீர்செய்வாரைக் காண்பது அரிது. ஆதலின், அதில் வாழ்வோர் சிறு பழுதுகளைத் தாமே நீக்கக் கற்றுக்கொள்கின்றனர். எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று பகுத்தறிதலே அக்கல்வியின் முதற்பாடம் ஆகும்.

முதற்கண் நீர் செல்லும் வழியை அறிவோம். தொட்டியிலுள்ள நன்னீரை, 12 வோல்ட்டு மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு குழாய்களிற் செலுத்துகிறது. அந்நீரில் ஒரு பகுதி நேரே குளிர்நீர்க் குழாய்களுக்குச் செல்லும். மற்றொரு பகுதி வெந்நீர்க் கலத்தை அடையும். பல ஊர்திகளில் அக்கலம் 6 காலன், அஃதாவது ஏறத்தாழ 23 லிட்டர் நீர் கொள்ளும். குளிர்ந்த நீர் கலத்தின் அடியில் நுழையும். சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழுந்து, மேற்புறக் குழாய் வழியே வெளியேறும். இதற்கு வேண்டிய வெப்பத்தைப் புரோப்பேன் என்னும் எரிவாயு தரும். சில கலங்களில் மின்சாரமும் துணைசெய்யும்.

குழாய்கள் யாவும் மூடியிருந்தும் பம்பு இடையிடையே ஓடுமாயின், எங்கோ நீர் கசிகின்றது எனலாம். அன்றேல், நீர் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வு பழுதுற்றிருத்தல் கூடும். இணைப்புகளின் கீழ் உலர்ந்த தாளை விரித்து வைத்தால், கசியும் இடத்தை ஈரமே காட்டிக்கொடுக்கும். தளர்ந்த இணைப்பை இறுக்குதலும், தேய்ந்த வாஷரை மாற்றுதலும் எவர்க்கும் எளிய செயல்களே.

அந்நாட்டுப் பனிக்காலமோ கொடியது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு அளவில் பெருகும். அப்பெருக்கத்தால் குழாயும் கலமும் வெடித்துவிடும். எனவே, பனிக்காலத்திற்கு முன்னரே கலத்து நீரை வடித்துவிட்டு, குழாய்களில் உறையாத் திரவத்தை நிரப்புவர். அத்திரவம் கலத்துட் புகாதவாறு, அதனைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி ஒன்றை வால்வினால் திறந்து வைப்பர். இளவேனிலில் அவ்வால்வை மீண்டும் திருப்ப மறந்தால், கலத்திற்கு நீர் செல்லாது. குழாயில் வெந்நீரும் வாராது. நீரற்ற கலத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால், உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பி எரிந்து கெடும். பழுது கலத்தில் இல்லை. திருப்பாத வால்வில் இருந்தது! காரணத்தை ஆராயாது புதுக் கலம் வாங்குவோன் பொருளிழப்பான் அல்லனோ?

பீங்கான் பூச்சுடைய எஃகுக் கலங்களில் மக்னீசியக் கோல் ஒன்றைப் பொருத்தியிருப்பர். நீர் எஃகை அரியாமல், அக்கோல் தன்னையே தேய்வுக்கு அளித்துக் கலத்தைக் காக்கும். இந்நெறி பழையது. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பல்களின் செப்புத் தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்து, செம்பு அரிபடாமற் காக்கும் முறையைக் கூறினார். அக்கோலை ஆண்டுதோறும் கழற்றிப் பார்த்து, பெரும்பகுதி தேய்ந்திருப்பின் மாற்றுதல் வேண்டும். ஆனால், நெருப்பை அணைத்து, நீரை ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, அழுத்தத்தை நீக்கிய பின்னரே அதனைக் கழற்றலாம். விரைந்து கழற்றுவோன் மேல் கொதிநீர் பீறிட்டுப் பாயும்.

கலத்தின் புறத்தே காப்பு வால்வு ஒன்று உண்டு. வெப்பமோ அழுத்தமோ அளவு கடந்தால், அது தானே திறந்து நீரை வெளியேற்றும். சில வேளைகளில் அதிலிருந்து நீர் சொட்டும். கலத்தின் மேற்பகுதியில் இருக்கவேண்டிய காற்று குறைந்துபோவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆறிய கலத்தில் சிறிது காற்றைப் புகவிட்டால் சொட்டுதல் நிற்கும். நில்லாதாயின் வால்வை மாற்றுதல் வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பது பேதைமை. வழியடைபட்ட அழுத்தம் கலத்தையே பிளந்து உயிருக்கு இறுதி விளைக்கும்.

இதுவரை கூறியவை நீரைப் பற்றியன. நெருப்பின் எல்லை வேறு. எரிவாயு மணம் வீசினால், விளக்கின் விசையையும் தொடாது அனைவரும் வெளியேறுதல் வேண்டும்; இயலுமாயின் புறத்திலுள்ள உருளையின் வால்வை மூடலாம். எரிவாயு செவ்வனே எரியாவிடின் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. அதனை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி மோட்டார் இல்லத்தில் இருத்தல் இன்றியமையாதது. எரிவாயுக் குழாயையும் அடுப்பு வாயையும் பயிற்சி பெற்ற வல்லுநரே திருத்துதல் வேண்டும்.

மாணவர்களே! தன் கையால் தன் வீட்டைச் செப்பஞ்செய்தல் பெருமை தருவதே. கருவியை எடுக்குமுன் காரணத்தை ஆராய்க. நம்மால் இயலும் பணியைச் செவ்வனே செய்க. இயலாத பணியை வல்லார்பால் விடுக. கை நிற்கவேண்டிய இடத்தை அறிந்து நிறுத்துவதும் தொழில் திறமையே ஆகும்.